சொல்லுக்கு உரியவர் யார்? – இடைவினைப் பகுப்பாய்வுக் கோட்பாடு பற்றிய ஒரு நோக்கு

ஆலய நிருவாக சபைக் கூட்டங்கள் வரவு செலவுக் கணக்கினால் குழம்புவது அரிது. கணக்கில் நூறு ரூபாய் குறைந்தால் யாராவது ஒருவர் தமது சட்டைப் பையிலிருந்து எடுத்து வைத்துச் சரிசெய்து விடுவார். கூட்டங்கள் பெரும்பாலும் ஒரு சொல்லினாலேயே குழம்புகின்றன. திருவிழா உபயம் பற்றிய பேச்சின் நடுவே, "அதெல்லாம் உங்களுக்கு விளங்காது தம்பி" என்று ஒரு பெரியவர் சொல்லுவார். அந்தத் தம்பிக்கு வயது 45. பாடசாலையொன்றில் அவர் அதிபராகவும் இருக்கக்கூடும். அவர் எழுந்து வெளியே போவார். அவரோடு அவரது குடியைச் சேர்ந்த நாலு பேரும் போவார்கள். அடுத்த வருடம் அந்தக் குடிக்குரிய திருவிழா நாளில் மேளச் சத்தம் மட்டும் கேட்கும், ஆட்கள் இருக்கமாட்டார்கள். பெரியவரைக் கேட்டால், "நான் என்ன பிழையாகச் சொல்லிப்போட்டன்? தம்பி எண்டுதானே சொன்னேன்" என்பார். அவர் சொல்வதும் மெய்யே. அந்த வாக்கியத்தில் வசைச் சொல் என்று ஒன்றைக்கூட எவராலும் எடுத்துக்காட்ட முடியாது.

அப்படியாயின் காயம் எங்கிருந்து வந்தது? சொன்னவர் அதற்குப் பொறுப்பாளியா, அன்றி அவ்வாறு எடுத்துக்கொண்டவர் பொறுப்பாளியா? நாவடக்கம் பற்றி எமது சான்றோர் நிறையவே கூறிச் சென்றுள்ளனர். திருவள்ளுவர் இனியவை கூறல், புறங்கூறாமை, பயனில சொல்லாமை, சொல்வன்மை எனத் தனித்தனி அதிகாரங்களையே வகுத்தார். ஆயினும் மேற்கூறிய பெரியவர் இனியவையே கூறியதாக நம்புகிறார் என்பதுதான் இங்குள்ள சிக்கல். இச்சிக்கலை அவிழ்ப்பதற்கு உளவியல் தந்த கருவிகளுள் ஒன்று இடைவினைப் பகுப்பாய்வு என்னும் கோட்பாடு ஆகும்.

இதனை உருவாக்கியவர் எரிக் பேர்ண் என்னும் மனநல வைத்தியர். 1910 ஆம் ஆண்டு மே மாதம் 10 ஆந் திகதி கனடாவின் மொன்றியல் நகரில் பிறந்தவர். இவரது தந்தையாரும் வைத்தியரே. அவர் 1921 இல், மகன் சிறுவனாக இருக்கும்போதே காலமானார். மக்கில் பல்கலைக்கழகத்தில் 1935 இல் மருத்துவப் பட்டம் பெற்ற பேர்ண், பின்னர் அமெரிக்கா சென்று, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அந்நாட்டு இராணுவத்தில் மனநல வைத்தியராகக் கடமையாற்றினார். சிக்மண்ட் பிராய்டின் வழிவந்த உளப்பகுப்பாய்வைப் பல ஆண்டுகள் பயின்றவர் அவர். எனினும் 1956 இல் சான்பிரான்சிஸ்கோ உளப்பகுப்பாய்வு நிறுவனம் அவரது அங்கத்துவ விண்ணப்பத்தை நிராகரித்தது. அதன் பின்னர் அவர் தம் வழியே சென்றார். 1957, 1958 ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளில் புதிய கோட்பாட்டின் அடிப்படைகளை வகுத்தார். மனிதர்கள் ஆடும் விளையாட்டுகள் பற்றி 1964 இல் அவர் எழுதிய நூல், வைத்தியர்களுக்கென எழுதப்பட்டதாயினும் சாதாரண வாசகர்களாலும் பெருமளவில் வாங்கப்பட்டது. 1970 ஜூலை 15 ஆந் திகதி அவர் மறைந்தார். கதவடைக்கப்பட்ட ஒருவர் கதவு திறக்கும் வழியைப் பற்றிச் சிந்தித்தார் என்று சொன்னால் அது சற்று மிகையாகலாம். எனினும் முற்றிலும் பொருந்தாததுமன்று.

அவரது கோட்பாட்டின் வித்து ஒரு நோயாளியிடமிருந்து கிடைத்தது. அந்நோயாளி ஒரு சட்டத்தரணி. விடுமுறைக்குப் பண்ணையொன்றுக்குப் போன எட்டு வயதுச் சிறுவனின் கதையை அவர் பேர்ணிடம் கூறினார். மாடு மேய்ப்போரைப் போல உடுத்திருந்த அச்சிறுவன், பண்ணை வேலையாளுக்குக் குதிரைச் சேணத்தைக் கழற்ற உதவினான். வேலையாள் அவனையும் ஒரு மாட்டுக்காரனாகவே மதித்து நன்றி சொன்னபோது, தான் மாட்டுக்காரன் அல்லன், வெறும் சின்னப் பையன்தான் என்று சிறுவன் பதில் சொன்னானாம். கதையை முடித்த சட்டத்தரணி, தம்முடைய நிலையும் அதுவே, தாம் உண்மையில் சட்டத்தரணி அல்லர், ஒரு சின்னப் பையனே என்றார். நீதிமன்றத்தில் வாதாடும் அதே மனிதருக்குள் ஒரு சிறுவன் தனிக் குரலோடு, தனி முகபாவத்தோடு, தனிச் சிரிப்போடு இருந்து வருவதைப் பேர்ண் கண்டுகொண்டார். அச்சிறுவன் ஏதோ ஆழத்தில் மறைந்திருந்து ஊகத்தால் மட்டும் அறியப்படுபவன் அல்லன்; பேச்சின் நடுவே கண்ணுக்கும் காதுக்கும் தெரியும்படி வெளியே வந்து போகிறவன்.

இவ்வாறு ஒவ்வொருவருள்ளும் மூன்று நிலைகள் உண்டென அவர் வகுத்தார். பெற்றோரிடமும் பெரியவர்களிடமும் சிறுவயதில் கண்டதையும் கேட்டதையும் அப்படியே உள்வாங்கி, அவர்களது குரலிலேயே பேசுவது பெற்றார் நிலை. அது கண்டிக்கவும் செய்யும், அரவணைக்கவும் செய்யும். சிறு பிள்ளையாக இருந்தபோது உணர்ந்தது போலவே இன்றும் உணர்ந்து நடப்பது பிள்ளை நிலை. அழுகையும் அடமும் பயமும் அதற்குரியவை. விளையாட்டும் வியப்பும் கற்பனையும் அதற்கே உரியவை. இப்போது, இவ்விடத்தில் உள்ள நிலைமையைப் பார்த்து, கேட்டு, நிறுத்து முடிவெடுப்பது வளர்ந்தோர் நிலை. இங்கு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். இவை வயதின் பெயர்கள் அல்ல. ஏழு வயதுப் பிள்ளை தன் பொம்மையை, "எத்தனை தரம் சொல்லியிருக்கன்?" என்று அதட்டும்போது அங்கு பேசுவது அப்பிள்ளையின் தாயாருடைய குரல். எழுபது வயது முதியவர் தமக்குரிய முதல் மரியாதை கிடைக்கவில்லை என்று சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொள்ளும்போது அங்கு படுத்திருப்பவர் நாலு வயதுப் பிள்ளை.

ஒருவர் சொல்வதும் மற்றவர் அதற்கு மறுமொழி தருவதும் சேர்ந்தது ஓர் இடைவினை. எந்த நிலையை நோக்கிப் பேச்சு அனுப்பப்பட்டதோ அந்த நிலையிலிருந்தே பதில் வருமாயின் பேச்சு தொடர்ந்து செல்லும். "மடைக்கு எத்தனை மணிக்கு நேரம் வச்சிருக்கு?" "எட்டு மணிக்கு." இது சமாந்தரமான இடைவினை. அதே கேள்விக்கு, "இவ்வளவு நாளும் இது தெரியாமலா கோயிலுக்கு வந்தீங்க?" என்று பதில் வந்தால் கோடுகள் குறுக்கிட்டுக் கொள்கின்றன. நேரத்தைப் பற்றிய பேச்சு அவ்விடத்திலேயே நின்றுபோகிறது. அதன் பின் நடப்பது வேறொரு பேச்சு. "விளங்காது தம்பி" என்ற வாக்கியத்திலும் இதுவே நிகழ்ந்தது. அதிபர் உபயச் செலவைப் பற்றி வளர்ந்தவராகக் கேட்டார். பதில் தகப்பனிடமிருந்து மகனுக்கு வந்தது. அவரைச் சுட்டது சொல் அன்று. அச்சொல் அவரை உட்காரச் சொன்ன இடம். தம்பி என்ற அழைப்பு வேறொரு வேளையில், வேறொரு குரலில், அவருக்கு எத்தனையோ முறை இனித்தும் இருக்கும்.

பேர்ண் வலியுறுத்திய மற்றொரு கருத்து, மனிதருக்கு மனிதரின் கவனிப்பு உணவைப் போல அவசியமானது என்பதாகும். ரெனே ஸ்பிட்ஸ் என்னும் ஆய்வாளர் 1945 இல் வெளியிட்ட ஆய்வொன்றை அவர் இதற்கு ஆதாரமாகக் கொண்டார். அநாதைப் பிள்ளைகள் பராமரிக்கப்பட்ட இல்லமொன்றில் உணவும் சுத்தமும் குறைவின்றி இருந்தும், தூக்கிக் கொஞ்சுவார் இன்மையால் குழந்தைகள் வாடி, நோயுற்று, பலர் இறந்தும் போயினர். வளர்ந்த பின் தூக்கிக் கொஞ்சுதல் இயலாது. ஆகவே ஒரு தலையசைப்பு, ஒரு புன்னகை, "எங்க, சந்தைக்கா?" என்ற ஒரு விசாரணை அதன் இடத்தைப் பிடிக்கிறது. இதற்குப் பேர்ண் வருடல் என்ற பொருளுடைய பெயரிட்டார். பாண்டிருப்பிலிருந்து கல்முனைச் சந்தைக்குச் சைக்கிளில் போகும் ஒருவர் வழிநெடுக இவ்வாறு எத்தனை வருடல்களைக் கொடுத்து வாங்கிக்கொண்டு போகிறார் என்பதை எண்ணிப் பார்க்கலாம். "எங்க போறீங்க காக்கா?" என்று இவர் கேட்பார், "இஞ்சதான் தம்பி" என்று அவர் சொல்லுவார். தகவல் என்று எதுவும் பரிமாறப்படவில்லை. ஆயினும் ஒரு நாள் அந்தக் கேள்வி கேட்கப்படாது விட்டால், அன்று முழுவதும் மனம் அதையே சுற்றிக்கொண்டிருக்கும்.

நல்ல வருடல் கிடையாத இடத்தில் மனிதர் கெட்ட வருடலையாவது தேடிக்கொள்வர் என்பது இக்கோட்பாட்டின் கூர்மையான பகுதி. பசித்தவன் பழஞ்சோற்றையும் உண்பான் அல்லவா? வகுப்பில் ஒருபோதும் பெயர் சொல்லி அழைக்கப்படாத மாணவன் கதிரையைத் தட்டி விழுத்தி அடி வாங்குகிறான். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, மருந்தும் பணமும் குறைவின்றி வரும் வீட்டில் தனித்திருக்கும் முதியவள் அயலவரோடு வேலிக்காகச் சண்டை பிடிக்கிறாள். வேலி ஓர் அங்குலமும் நகர்ந்திராது. அவளுக்கு வேண்டியிருந்தது வேலிக்கு அப்பால் ஒரு மனிதக் குரல்.

இப்பசியிலிருந்து பிறப்பனவே பேர்ண் கூறிய விளையாட்டுகள். வெளியே ஒரு பேச்சும் உள்ளே வேறொரு பேச்சுமாக, திரும்பத் திரும்ப ஒரே வழியில் சென்று, ஈற்றில் இருவரையும் கசப்பில் கொண்டுபோய் விடுபவை அவை. ஒருவர் தமது பிரச்சினைக்கு ஆலோசனை கேட்பார். சொல்லப்படும் ஒவ்வொரு ஆலோசனைக்கும், "அது சரிதான், ஆனால்..." என்பார். ஆலோசனை சொன்னவர் களைத்துப் போனதும் கேட்டவர் முகத்தில் ஒரு திருப்தி தோன்றும். இதனை விளையாட்டு எனப் பெயரிட்டபோது, கிழக்கிலங்கையில் வசைக்கென்றே ஒரு விளையாட்டு இருந்தமை பேர்ணுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. கண்ணகி வழிபாட்டோடு இணைந்த கொம்பு முறி விளையாட்டில் ஊரே வடசேரி, தென்சேரி என இரண்டாகப் பிரியும். கொம்புகளைக் கொளுவி இழுப்பர். ஒரு பக்கத்துக் கொம்பு முறியும். வென்றவர் தோற்றவரை வசை பாடுவர். அவ்வசையில் கூச்சமும் இராது, குறைவும் இராது. ஆனால் அதற்கு ஓர் எல்லை இருந்தது. இன்ன நாளில், இன்ன இடத்தில், அம்மனின் பேரால், எல்லோரும் அறியத் தொடங்கி எல்லோரும் அறிய முடிந்தது. வீடுகளில் ஆடப்படும் விளையாட்டுக்குத் தொடக்கமும் தெரியாது, முடிவும் தெரியாது; ஆடுபவர்களுக்கே தாம் ஆடுவது தெரியாது. கொம்பு முறி அரிதாகிப்போன இக்காலத்தில் வசை குறைந்துவிட்டது என்று எவரும் சொல்லமாட்டார்.

இனி, முதலில் எழுப்பிய கேள்விக்கு வரலாம். கண்டிப்பவர் உள்ளிருந்து பேசும் தகப்பனென்றால், கோபிப்பவர் உள்ளிருந்து அழும் பிள்ளையென்றால், சொன்ன சொல்லுக்கு உரியவர் யார்? "எங்கட அப்பாவும் இப்பிடித்தான், எனக்கும் அதுதான் வந்திருக்கு" என்று சொல்வோர் ஏராளம். கோட்பாட்டை அரைகுறையாகக் கற்றவர்களுக்கு இது நல்லதொரு சாட்டாகப் போய்விடுகிறது. பேர்ண் இதற்கு இடம் தரவில்லை. இளவயதிலேயே மனிதர் தமது வாழ்க்கைக்கு ஒரு நாடக எழுத்தை எழுதிக்கொள்கின்றனர் என்றார். அது முடிவாக எடுக்கப்பட்ட ஒன்றாகையால் மீண்டும் முடிவெடுத்து மாற்றவும் படலாம் என்றார். சைவ சித்தாந்தம் ஆணவத்தை உயிரோடு அநாதியே ஒட்டிய மலம் எனக் கூறும். பேர்ண் கூறும் குரல்கள் அநாதியானவை அல்ல. பெரும்பாலும் ஐந்தாறு வயதுக்குள் கேட்டுப் பழகியவை. இரண்டையும் ஒன்றெனக் காட்ட முனைவது இரண்டுக்கும் நியாயம் செய்வதாகாது. எனினும் கட்டு உண்டு என்பதால் முயற்சி வேண்டாம் என்று சித்தாந்தமும் சொல்லவில்லை, பேர்ணும் சொல்லவில்லை. குரல் தகப்பனுடையதாக இருக்கலாம். அதை இன்று, இந்தக் கூட்டத்தில், இந்த மனிதரை நோக்கித் திறந்துவிட்ட வாய் தகப்பனுடையது அன்று.

இதன் மறுபக்கமும் உண்டு. 2004 டிசம்பர் 26 ஆந் திகதி ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் காவுகொண்டது. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என்று கரை நெடுகிலும் இழப்பு. உளவளத்துணை என்ற சொல் சாதாரண மக்களின் வாயில் புழங்கத் தொடங்கியது அதன் பின்னரே. உளவளத்துணைப் பாடநெறிகளில் வழமையாகக் கற்பிக்கப்படும் கோட்பாடுகளுள் இதுவும் ஒன்று. ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று வட்டங்களை வரைந்து காட்டினால் எவருக்கும் விளங்கிவிடும். அதுவே இதன் பலமும் பலவீனமும். மூன்று வட்டங்களைக் கற்ற ஒருவர் வீட்டுக்குப் போய், "நீ இப்ப பிள்ளை நிலையில இருந்து கதைக்கிறாய்" என்று மனைவியைப் பார்த்துச் சொல்லுவாராயின், அவர் எந்த நிலையிலிருந்து கதைக்கிறார்? கண்ணாடியைப் பிறர் முகத்துக்கு நேரே பிடிப்போர் தொகை எப்போதும் அதிகம்.

கலிபோர்னியாவில் பிறந்த இக்கோட்பாட்டை இக்கரையோரத்து வீடுகளுக்குக் கொண்டுவரும்போது ஓரிடத்தில் நின்று யோசிக்க வேண்டியுள்ளது. இங்கு குடி தாய்வழியாக வருவது. வீடு மகளுக்கே சீதனமாகச் செல்வது. மணமான ஆண் மனைவி வீட்டுக்கே குடிபோகிறான். இவ்வழக்கம் இந்துக்களுக்கு மட்டும் உரியதன்று; அயலிலுள்ள முஸ்லிம் ஊர்களிலும் குடி முறையும் பெண்ணுக்கு வீடு கொடுக்கும் முறையும் உண்டென்பது யாவரும் அறிந்ததே. ஆகவே மாமியும் மருமகனும் ஒரே கூரையின் கீழ் வாழ்கின்றனர். பழைய வழக்கப்படி நேருக்கு நேர் அதிகம் பேசுவதில்லை. மருமகன் பிந்தி வருகிறான். மாமி பேரப்பிள்ளையைப் பார்த்து, "சோறு ஆறிப் போச்செண்டு அப்பாட்ட சொல்லு மனே" என்கிறாள். "கடையில திண்டாச்செண்டு அம்மம்மாட்ட சொல்லு" என்கிறான் அவன். அருகில்தான் இருவரும் நிற்கின்றனர்.

பேர்ணின் வாய்பாட்டை வைத்துப் பார்த்தால் இது மறைமுகமான இடைவினை. வெளியே சோறு, உள்ளே கண்டனம். நேரே பேசுக என்று ஆலோசனை வழங்கப்படும். இந்த ஆலோசனை முற்றாகச் சரியென்று கொள்ள முடியாது. மாமி நேரே கேட்டிருந்தால் அது கண்டனம் ஆகியிருக்கும். மருமகன் நேரே மறுத்திருந்தால் அது அவமதிப்பு ஆகியிருக்கும். மூன்றாம் ஆள் வழியாகப் போன சொல் இருவர் முகத்தையும் காத்தது. மேலும், இங்கே மறைவு என்று எதுவுமில்லை. சோறு என்றால் என்னவென்று மருமகனுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியும் என்று மாமிக்கும் தெரியும். எல்லோரும் அறிந்த வழக்கத்தைக் கபடம் எனல் தகாது. மரியாதைச் சொல்லும் உறவு முறையும் இருக்கும் இடத்தில் வளர்ந்தோர் பேச்சு இயலாது என்று எண்ணுவதும் பிழை. "மாமி, நேரம் போயிட்டு, மன்னிச்சுக் கொள்ளுங்க" என்பதில் மரியாதையும் இருக்கிறது, நிலைமையை நிறுத்துப் பார்த்த நிதானமும் இருக்கிறது.

ஆயினும் அந்தப் பேரப்பிள்ளையைப் பற்றி யோசிக்க வேண்டும். சோற்றைப் பற்றிய செய்தியை அது சுமந்து செல்வதில் தீங்கில்லை. நாள் செல்லச் செல்ல, "உன்ட அப்பாவுக்கு இந்த வீடு சத்திரமெண்டு நினைப்பு" என்பதும் அதே பிள்ளையின் கையிலேயே கொடுத்தனுப்பப்படும். ஸ்டீபன் கார்ப்மன் என்னும் பேர்ணின் மாணவர் 1968 இல் ஒரு முக்கோணத்தை வரைந்து காட்டினார். அதன் மூன்று முனைகளில் தாக்குபவர், மீட்பவர், பாதிக்கப்பட்டவர் என மூவர். இடங்கள் மாறிக்கொண்டே இருக்கும். இன்று அப்பாவுக்காகப் பரிந்து பேசி மீட்க வந்த பிள்ளை, நாளை இருவரிடமும் ஏச்சு வாங்கும். முகம் காக்கப்பட்ட இரு பெரியவர்களுக்கும் உரிய விலையை ஆறு வயதுப் பிள்ளை கொடுக்கிறது. மறைமுகப் பேச்சு சரியா பிழையா என்று பொதுப்படக் கேட்பதிலும், அதனைச் சுமப்பவர் யார் என்று கேட்பதே பொருத்தம்.

கோட்பாட்டின் இன்னொரு குறை, பேசும் இருவருக்கும் சமமான சுதந்திரம் உண்டென்று அது எடுத்துக்கொள்வதாகும். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் ஆலய உற்சவத்தில் பாரதக் கதை நிகழ்த்திக் காட்டப்பட்டுத் தீமிதிப்பில் நிறைவுறுவதை இப்பிரதேசத்தார் நன்கறிவர். அக்கதையில், தன்னையே சூதில் தோற்றுவிட்ட ஒருவருக்கு மனைவியைப் பணயம் வைக்கும் உரிமை எங்கிருந்து வந்தது எனத் திரௌபதை சபையைக் கேட்கிறாள். அவளிருந்த நிலையில் அழுகையே இயல்பு. அவள் கேட்டதோ சட்டக் கேள்வி. முழுமையாக வளர்ந்தோர் நிலைக் கேள்வி. சபையில் வீட்டுமரும் துரோணரும் இருந்தனர். தருமம் நுட்பமானது என்றார் வீட்டுமர். மற்றையோர் மௌனம் காத்தனர். கேட்டவரிடம் குறையில்லை. சரியான நிலையிலிருந்து சரியான சொல்லைப் பேசினால் உறவு சீராகும் எனப் போதிக்கும் கைநூல்கள் இச்சபையைக் கணக்கில் எடுப்பதில்லை. அதிகாரம் உள்ளவரின் மௌனமும் ஓர் இடைவினையே.

கண்ணகி நின்ற சபை வேறு. வைகாசியில் கண்ணகி அம்மன் ஆலயங்களின் கதவு திறந்து, சடங்கு நாட்களில் கண்ணகி வழக்குரை படிக்கப்படுகிறது. பொற்கொல்லனின் சொல்லை நம்பி விசாரியாது தண்டித்தவன் பாண்டியன். கள்வன் என்றால் தண்டிக்க வேண்டியதுதானே என்று, முன்னமே செய்து வைத்த முடிவிலிருந்து பிறந்த கட்டளை அது. கண்ணகி சினத்தோடுதான் வந்தாள். ஆனால் சினத்தை மட்டும் கொண்டுவரவில்லை, சிலம்பையும் கொண்டுவந்தாள். உள்ளே இருப்பது முத்தா மணியா என்பது உடைத்தால் தெரியக்கூடியது. மன்னன் அதைக் கண்டான். தான் பிழைத்ததை ஏற்றான். அதைத் தாங்காது உயிர் விட்டான். ஆதாரத்தைக் காட்டியவரும் ஆதாரத்துக்குத் தலை வணங்கியவருமாக இருவரும் நிமிர்ந்து நின்ற இடைவினை இது. பேர்ணின் பாடநூலுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம்.

அதோடு கதை முடிந்திருக்க வேண்டுமல்லவா? வழக்கு வென்றாயிற்று, குற்றம் ஒப்புக்கொள்ளப்பட்டாயிற்று. ஆனாலும் மதுரை எரிந்தது. சரியான பேச்சு நடந்து முடிந்த பின்னரும் சினம் எஞ்சும் என்பதை இவ்வழிபாட்டை வகுத்த முன்னோர் அறிந்திருந்தனர். அதனாலேயே சடங்கின் நிறைவில் திருக்குளிர்த்தி வைக்கப்பட்டது. குளிர்த்தி பாடி, நீர் தெளித்து, அம்மனின் வெம்மை தணிவிக்கப்படுகிறது. அங்கே எவரும் அம்மனோடு நியாயம் பேசுவதில்லை. கோபம் நியாயமற்றது என்றும் சொல்வதில்லை. பேர்ண் வருடல் என்றது இதைப் போன்ற ஒன்றையே. சடங்கின் வரிசையும் கவனிக்கத்தக்கது. வழக்குரை முந்தியது, குளிர்த்தி பிந்தியது. வழக்கு உரைக்கப்படாமல் நேரே குளிர்த்திக்குப் போவதில்லை.

வீடுகளில் இவ்வரிசை பெரும்பாலும் தலைகீழாகவே நடக்கிறது. சீதனக் காணியில் மனம் முறிந்த இரு சகோதரிகள் மூன்று வருடம் பேசாதிருப்பர். ஒரு மரணச் சடங்கில் கட்டிப்பிடித்து அழுவர். ஊரும் மகிழ்ந்து அத்துடன் எல்லாம் சரி என்று சொல்லும். காணியைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. அடுத்த கலியாண வீட்டில் அழைப்புச் சொன்ன முறை சரியில்லை என்ற பேரில் அந்தக் காணி மீண்டும் எழுந்து வரும்.

ஊர்களுக்கிடையிலும் இவ்வாறே. இக்கரையோரத்தில் தமிழரும் முஸ்லிம்களும் ஒரு வேலிக்கு இப்பாலும் அப்பாலும் வாழ்கின்றனர். மருதமுனையில் நெய்த சாரமும் சேலையும் இரு பகுதியாருக்கும் உடுபுடைவை. கல்முனைச் சந்தையில் பேரம் பேசும் தமிழுக்கு மதமில்லை. அப்படியிருந்தும் 1985 இலும் 1990 இலும் நிகழ்ந்த வன்செயல்களில் இரு பகுதியாரும் உயிர்களை இழந்தனர், வீடுகளை விட்டு ஓடினர். 2019 ஜூன் மாதத்தில் கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கோரி உண்ணாவிரதம் நடைபெற்றபோது, எல்லைகளைப் பற்றிய வாதம் சில நாட்களிலேயே ஆட்களைப் பற்றிய வாதமாக மாறியதைக் கண்டோர் பலர். இரு தரப்பு வாதங்களின் சரி பிழை இங்கு ஆராயப்படும் பொருளன்று. ஆனால், "அவங்கட ஆக்கள் எப்பவும் இப்பிடித்தான்" என்ற வாக்கியம் வேலியின் இரு பக்கத்திலும், ஒரே தொனியில், ஒரே தமிழில் சொல்லப்பட்டது. பெற்றார் நிலையில் பதிந்த ஒன்றை, தானே கண்டறிந்த உண்மையென வளர்ந்தோர் நிலை நம்பிவிடுவதைப் பேர்ண் கலப்படம் என்ற கருத்தில் விளக்கினார். அரிசியில் கலந்த கல் போன்றதன்று அது, தெரிந்து பொறுக்கி எடுப்பதற்கு; பாலில் கலந்த தண்ணீர் போன்றது. சொல்பவர் சத்தியமாகத் தாம் நடந்ததைத்தான் சொல்வதாக எண்ணுகிறார். இருபது வயது இளைஞன் 1990 ஐப் பற்றிச் சொல்லும்போது அவனது கண்கள் கலங்குகின்றன. அவன் அப்போது பிறந்திருக்கவில்லை.

ஆழிப்பேரலை அடித்த அன்று எவரும் எவரது ஆக்கள் என்று பார்க்கவில்லை. கோயிலும் பள்ளிவாசலும் பாடசாலையும் வந்தவர் எல்லோருக்கும் திறந்திருந்தன. கையில் கிடைத்த பிள்ளையை எவரும் தூக்கினர். அதன் பின் பொங்கலுக்குப் பொங்கலும், நோன்புக்குக் கஞ்சியும், பெருநாளுக்கு வட்டிலப்பமும் வேலி தாண்டிப் போய் வந்துகொண்டிருக்கின்றன. அவை பெரிய வருடல்கள். அவற்றைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஆனால் கஞ்சிக் கோப்பையைக் கொடுத்து வாங்கும் அந்த இரண்டு கைகளுக்குரிய இரண்டு வீடுகளிலும் அந்த வருடங்களில் வராமற்போனவர்களின் படங்கள் சுவரில் தொங்குகின்றன. கோப்பையைத் திருப்பிக் கொடுக்கப் போகும் சிறுவன் அந்தப் படத்தைப் பார்த்து, "இது ஆரு?" என்று கேட்கிறான். "அது எங்கட மூத்தவர்" என்று சொல்லிவிட்டு, அந்த வீட்டுத் தாய் கோப்பையைக் கழுவப் போய்விடுகிறாள்.